டிஸ்ப்ளே யார் பக்கம் திரும்பியிருக்கு?

'மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ்' எலெக்டிவ் எடுத்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு முக்கோணம் வரைந்து காட்டுவார்கள். அடியில் தினசரி வரவு செலவைப் பதிவு செய்யும் சிஸ்டம். நடுவில் மேனேஜர்களுக்கு ரிப்போர்ட் தரும் சிஸ்டம். உச்சியில் முதலாளி முடிவெடுக்க உதவும் சிஸ்டம். டேட்டா கீழே இருந்து மேலே போகும், முடிவு மேலே இருந்து கீழே வரும். 13 மார்க் கேள்விக்கு இது போதும். படம் நீட்டா இருந்தா 11 நிச்சயம்.

எனக்கு அந்தப் படத்தில் ஒரே ஒரு சந்தேகம்தான். முக்கோணத்தோட அடிக்கோட்டுக்குக் கீழே யார் இருக்காங்க? டேட்டா தானாக முளைப்பதில்லை. யாரோ ஒருத்தர் பொருளைக் கொண்டுவந்து தராசில் வைக்கிறார், அப்போதுதான் ஒரு எண் பிறக்கிறது. அந்த எண் அவருக்குத் திரும்பக் கிடைக்குமா? புத்தகத்தில் இந்தக் கேள்வியே இல்லை. ஒரு தகவல் சிஸ்டம் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான் என்பது என் கட்சி.

இதற்கு உதாரணம் தேடி அமேசான் கிடங்குக்குப் போக வேண்டாம். நம்ம தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் காலை ஆறு மணிக்குப் போங்க. கையில் தூக்குவாளி, சைக்கிள் ஹேண்டிலில் கேன், டிவிஎஸ் எக்ஸெல் முன்னாடி ரெண்டு கேன். எல்லாரும் போவது பால் ஊத்த. இது வறண்ட மாவட்டம். ராகியும் சாமையும் மழையை நம்பி. தக்காளி விலை ஏறினால் ஏறும், இறங்கினால் ரோட்டில் கொட்டும் அளவுக்கு இறங்கும். பால் காசு மட்டும்தான் பத்து நாளைக்கோ பதினைந்து நாளைக்கோ ஒருமுறை தவறாமல் வரும். இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேருடைய செமஸ்டர் ஃபீஸில் மாட்டுப்பால் கலந்திருக்கு என்று எனக்குத் தெரியாது. என்னுடையதில் கலந்திருக்கு.

பால் வியாபாரம் தகவலை நம்பித்தான் ஓடுகிறது. கறந்த பால் நம்ம ஊர் வெயிலில் நாலைந்து மணி நேரம் தாங்கினால் பெரிய விஷயம். அதற்குள் 4 டிகிரிக்குக் குளிர வைத்தாக வேண்டும். தினமும் ரெண்டு வேளை, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ரெண்டு லிட்டர், அஞ்சு லிட்டர் என்று வரும். மழைக்குப் பிறகு பசுந்தீவனம் கிடைக்கும் மாதங்களில் பால் பெருகும், ஏப்ரல் மே மாதங்களில் வற்றும். பெருகும்போது மிச்சப் பாலைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் மாற்றணும், வற்றும்போது அதைத் திரும்பக் கரைத்துச் சமாளிக்கணும். எந்த ரூட்டுக்கு எத்தனை வண்டி, எந்தக் குளிர்விப்பு மையத்தில் எவ்வளவு இடம், நாளைக்குச் சென்னைக்கு எத்தனை டேங்கர் என்று எல்லா முடிவும் காலை ஆறு மணிக்கு ஒரு ஊர்ச் சொசைட்டியில் எழுதப்படும் எண்ணிலிருந்துதான் கிளம்புகிறது.

அந்த எண் லிட்டர் மட்டும் இல்லை. பாலுக்கு விலை ரெண்டு அளவை வைத்து. ஒன்று கொழுப்பு. இன்னொன்று எஸ்.என்.எஃப், அதாவது கொழுப்பும் தண்ணீரும் போக மிச்சம் இருக்கும் புரதம், லாக்டோஸ், தாது உப்பு எல்லாம் சேர்ந்தது. ஆவின் விலை அறிவிப்பு வரும்போது செய்தியில் ஒரே ஒரு ரூபாய்க் கணக்குத்தான் வரும். 2022 நவம்பரில் பசும்பால் 32லிருந்து 35, எருமைப்பால் 41லிருந்து 44 ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து 38ம் 47ம் ஆனது. செய்தி பார்க்கிறவர்கள் லிட்டருக்கு 38 ரூபாய் கையில் கிடைக்கும் என்று நினைப்பார்கள். அது ஒரு குறிப்பிட்ட தரத்துக்கான விலை. பசும்பாலுக்குக் கொழுப்பு 4.3, எஸ்.என்.எஃப் 8.2 சதவீதம். அதற்குக் கீழே போனால் விலை சார்ட் பிரகாரம் இறங்கும். ஆக, ஊத்துகிறவருக்கு உண்மையான விலையைச் சொல்வது அமைச்சர் இல்லை, மிஷின்.

இங்கே கொஞ்சம் கணக்கு. போரடித்தாலும் படிச்சிடுங்க, விஷயமே இதில்தான் இருக்கு.

பழைய முறையில் எஸ்.என்.எஃப்பை யாரும் நேராக அளப்பதில்லை. லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்பார்கள். ஊரில் 'டிகிரி' என்று சொல்வது அதைத்தான். கொழுப்பைத் தனியாகச் சோதிப்பார்கள். ரெண்டையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் எஸ்.என்.எஃப் வரும். நம்ம நாட்டுப் பால் பண்ணைகளில் பரவலாக இருக்கும் சூத்திரம்: டிகிரியில் கால் பங்கு, கொழுப்பில் கால் பங்கு, கூட 0.44. ரிச்மண்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் கொடுத்த பழைய சூத்திரம்: டிகிரியில் கால் பங்கு, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, கூட 0.14. இப்போ டிகிரி 28, கொழுப்பு 4 என்று வையுங்க. முதல் சூத்திரத்தில் 7 கூட்டல் 1 கூட்டல் 0.44, மொத்தம் 8.44. ரெண்டாவதில் 7 கூட்டல் 0.8 கூட்டல் 0.14, மொத்தம் 7.94.

அதே ரீடிங். ஒரு சூத்திரத்தில் 8.2ஐத் தாண்டி பாஸ், இன்னொன்றில் ஃபெயில். சூத்திரம் ரெண்டுமே தப்பு இல்லை. லாக்டோமீட்டர் எந்த வெப்பநிலைக்காக அளவு குறிக்கப்பட்டதோ அதற்கேற்ற சூத்திரத்தைப் போடணும், அவ்வளவுதான். ஆனால் எந்தக் கருவிக்கு எந்தச் சூத்திரம் ஓடுகிறது என்று பால் ஊத்துகிறவருக்கு யார் சொன்னார்கள்? கோடு எழுதும் நமக்கு அது ஒரு வரி. தலைப்பில் ஒரு கான்ஸ்டன்ட்டை டிக்ளேர் செய்துவிட்டு மறந்துவிடுவோம். அந்த வரியால் லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைந்தால், தினம் 12 லிட்டர் ஊத்தும் வீட்டுக்கு மாதம் 360 ரூபாய், வருஷம் 4,320 ரூபாய் போச்சு.

அளப்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. அளவு வந்ததே நேர்மையாகப் பால் ஊத்துகிறவரைக் காப்பாற்றத்தான். 1890ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் பாப்காக் என்பவர் கந்தக அமிலத்தையும் சுழற்றும் இயந்திரத்தையும் வைத்துக் கொழுப்பைச் சீக்கிரமாக அளக்க ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். அதுவரை பாலை எடை போட்டுத்தான் வாங்கினார்கள். ஆடை எடுத்தவனுக்கும் தண்ணீர் கலந்தவனுக்கும் கெட்டியான பால் ஊத்தியவனுக்கும் ஒரே காசு. லாக்டோமீட்டர் மட்டும் வைத்தும் பிடிக்க முடியாது. ஆடையை எடுத்தால் டிகிரி ஏறும், தண்ணீர் ஊத்தினால் இறங்கும். ரெண்டையும் அளவாகச் செய்தால் டிகிரி பழைய இடத்திலேயே நிற்கும்! பாப்காக் சோதனை அந்தக் கதையை முடித்தது. அவர் அதற்குப் பேட்டன்ட் வாங்கவில்லை, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் கெர்பர் கொண்டுவந்த இதே மாதிரியான முறைதான் நம்ம ஊர் பால் லேப்களில் இன்றைக்கும் இருக்கு.

ஆக, அளவு சரி. சிக்கல் அளந்த பிறகு.

என் பெரியம்மா ஒரு பால் எடுக்கும் இடத்தில் ஊத்துகிறார். பெயர் வேண்டாம். அங்கே இருப்பது நவீன மிஷின். பாலில் அல்ட்ராசவுண்ட் அனுப்பி ஒரு நிமிஷத்தில் கொழுப்பு, எஸ்.என்.எஃப், கலந்த தண்ணீர் எல்லாம் காட்டும். எண் சிவப்பு எழுத்தில் எரியும். ஆனால் டிஸ்ப்ளே மேஜைக்கு அந்தப் பக்கம், எழுதுகிறவரைப் பார்த்துத் திரும்பியிருக்கு. அவர் நோட்டில் எழுதுவார். பெரியம்மா அட்டையில் லிட்டர் மட்டும் குறிப்பார். பதினைந்து நாள் கழித்துக் காசு வரும்போதுதான் சராசரி என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். "ஏன் பெரியம்மா, எவ்ளோ காட்டுதுன்னு கேக்க மாட்டீங்களா?" என்றேன். "கேட்டா சொல்வாருதான். வரிசையில இருபது பேரு நிக்கறாங்க. தினம் கேட்டா சந்தேகப்படறோம்னு ஆவாதா கண்ணு?" என்றார்.

இந்த பதிலை நான் ரொம்ப நாள் யோசித்தேன். மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் பின்பக்கமும் ஒரு டிஸ்ப்ளே இருக்கு. பெட்ரோல் பங்க்கில் மீட்டர் நம்மைப் பார்த்துத்தான் நிற்கிறது. அங்கே பார்ப்பது சந்தேகம் இல்லை, வழக்கம். எண்ணைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தால் அது உரிமை என்பது போய் சலுகை ஆகிவிடுகிறது. சலுகையைத் தினம் ரெண்டு வேளை யார் கேட்பார்கள்?

இது ஒரு பெரியம்மா பிரச்சினை இல்லை. தமிழ்நாட்டுப் பால் உற்பத்தியாளர்கள் விலை உயர்வோடு சேர்த்து ரொம்ப வருஷமாக வைக்கும் கோரிக்கைகளில் ஒன்று, பாலை வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஊரிலேயே அளவையும் தரத்தையும் குறித்துக் கொடுங்கள் என்பது. 2023 மார்ச்சில் பால் நிறுத்தப் போராட்டம் நடந்தபோது பசும்பாலுக்கு 42 ரூபாய் கேட்டதுதான் செய்திகளில் பெரிதாக வந்தது. அதைவிட எனக்கு இந்தக் கோரிக்கை முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் பல ஊர்களில் நடந்தது இதுதான்: எல்லார் பாலும் ஒரே கேனில் கலக்கும், கேன் வண்டியேறி மையத்துக்குப் போகும், அங்கே சாம்பிள் எடுப்பார்கள், அந்தத் தரத்துக்கான காசு சொசைட்டிக்கு வரும், சொசைட்டி சராசரி போட்டுப் பிரிக்கும். நடுவில் வண்டியில் என்ன ஆனாலும் பழி ஊருக்கு. கெட்டிப்பால் ஊத்தியவருக்கும் நீர்ப்பால் ஊத்தியவருக்கும் சராசரி விலை. பாப்காக்குக்கு முந்தின அமெரிக்கா!

இதற்குப் பிறகு, 2023ல், பால் எடுக்கும் இடத்திலேயே தரம் பார்த்து ஒப்புகைச் சீட்டு கொடுக்கும் முறையை ஆவின் பரவலாக்கத் தொடங்கியது. நல்ல காரியம், பாராட்டணும். ஆனால் குஜராத்தில் 1990களிலேயே எலெக்ட்ரானிக் தராசு, கொழுப்பு அளக்கும் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் சேர்த்துக் கிராமச் சொசைட்டிகளில் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். பால் ஊத்தி முடித்த கையோடு லிட்டர், கொழுப்பு, ரூபாய் போட்ட சீட்டு. அகமதாபாத் ஐஐஎம்காரர்கள் அதற்கு அடுத்த படியாக, அதே கம்ப்யூட்டரை மாட்டு வைத்தியம், தீவனத் தகவல் கேட்கும் இடமாக மாற்றலாமா என்றுகூடச் சோதித்துப் பார்த்தார்கள். டெக்னாலஜி அப்போதே இருந்தது. யாருக்குக் காட்டணும் என்ற முடிவுதான் நம்ம பக்கம் வர இவ்வளவு காலம் பிடித்தது.

டேட்டா ஒரு பக்கம் மட்டும் ஓடினால் கம்பெனிக்கும் நஷ்டம்தான். 2014 ஆகஸ்ட் மாதம் திண்டிவனம் பக்கம் வெள்ளிமேடுபேட்டையில் ஆவின் டேங்கர் லாரியிலிருந்து பாலை எடுத்துவிட்டுத் தண்ணீர் கலந்ததாக ஒரு கும்பலைப் போலீஸ் பிடித்தது. நமக்கெல்லாம் அப்போ பத்து வயசு இருக்கும், டிவியில் பார்த்த ஞாபகம் சிலருக்கு இருக்கலாம். இதை ஒரு சிஸ்டம்ஸ் மாணவனாகப் பாருங்க. கிளம்பும் இடத்தில் ஒரு எஸ்.என்.எஃப், போய்ச் சேரும் இடத்தில் ஒரு எஸ்.என்.எஃப். ரெண்டையும் கழித்தால் தெரிந்துவிடும். செகண்ட் இயர் லேப் அளவுக்குக்கூட இல்லாத கொயரி அது. கண்டுபிடித்ததோ கொயரி இல்லை, ரோட்டில் நின்ற போலீஸ். ரெண்டு லிட்டர் தூக்குவாளியைத் தினம் ரெண்டு வேளை சோதிக்கும் ஏற்பாட்டில் ஆயிரக்கணக்கான லிட்டர் டேங்கர் தப்பித்தது எப்படி? கேள்வி கேட்கத் தெம்பில்லாதவர்கள் நிற்கும் இடத்தில் சோதனையைக் கட்டுவது எல்லாருக்கும் சுலபமாக இருக்கிறது.

இதைவிட எனக்கு வலிக்கும் நஷ்டம் வேறு. அந்த எண் காசுக்கானது மட்டும் இல்லை, அது மாட்டைப் பற்றிய ரிப்போர்ட். மேலே இருக்கிறவருக்கு டேங்கர் முடிவு எடுக்க டேட்டா தேவை என்றால், மாடு வைத்திருக்கிறவருக்கும் தினம் முடிவுகள் இருக்கின்றன. வைக்கோல், சோளத்தட்டு மாதிரி நார்த்தீவனம் குறைந்தால் பாலில் கொழுப்பு இறங்கும். மாட்டுக்குச் சத்தே பத்தவில்லை என்றால் எஸ்.என்.எஃப் இறங்கும். மடிநோய் வெளியே தெரிவதற்கு முன்பே, மடி வீங்காமல் பால் திரியாமல் உள்ளே இருக்கும்போதே, எஸ்.என்.எஃப் குறைய ஆரம்பிக்கும். அப்போ பார்த்தால் சின்ன வைத்தியத்தோடு போகும், விட்டால் ஒரு காம்பே போகும். கறவையில் கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம், அதைக் கன்று குடித்துவிட்டால் கேனுக்குப் போவது மெலிந்த பால். அடுத்த சினைக்கு ஜெர்சி ஊசியா எச்.எஃப் ஊசியா? ஜெர்சி கொழுப்பு தரும், எச்.எஃப் லிட்டர் தரும். எது லாபம் என்று சொல்லப் போன வருஷத்துச் சீட்டுகள் வேண்டாமா?

பால் கம்பெனிக்கு டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம் என்று மூணு யூனிட் நடத்துகிறோம். பெரியம்மாவோட டிசிஷனுக்கு சப்போர்ட் எங்கே? அவருடைய மாட்டின் டேட்டா அவரைத் தவிர எல்லாரிடமும் இருக்கு. மாட்டின் காதில் 12 இலக்கம் போட்ட மஞ்சள் தோடுகூட மாட்டியிருக்கிறார்கள், மாட்டுக்கும் ஆதார் வந்துடுச்சு. அந்த 12 இலக்கத்தையும் காலையில் எரியும் சிவப்பு எண்ணையும் சேர்த்து ஒரு தாளில் அவருக்கு யாரும் கொடுத்ததில்லை.

"படிக்காதவங்களுக்கு டேட்டா கொடுத்து என்ன பண்ண" என்று ஒரு கேள்வி வரும். வந்தது, எங்க கிளாஸிலேயே. பெரியம்மா மூணாவதுதான் படித்தவர். எந்த மாடு எந்த மாசம் சினை, யார் வீட்டுப் பால் 28 டிகிரி, எவன் தவிட்டில் கலப்படம் என்று எல்லாம் மனசில் வைத்திருக்கிறார். பத்து வருஷ டேட்டாபேஸ். அவரிடம் இல்லாதது அந்த ரெண்டு தசமப் புள்ளி எண்கள் மட்டும்தான்.

இன்னொரு எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. எண்ணைக் காட்டினால் ஆச்சா? மிஷின் தப்பாகக் காட்டினால்? அல்ட்ராசவுண்ட் மிஷினைத் தினம் கழுவணும், அப்பப்போ கெர்பர் முறையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கணும். கழுவாத மிஷினும் ரெண்டு தசமத்துக்குத்தான் எண் காட்டும், அதுவும் சிவப்பு எழுத்தில்தான் எரியும். தப்பான எண் தயங்காது.

இதற்கு உலகம் பார்த்த மிக மோசமான உதாரணம் இங்கிலாந்தின் தபால் துறை. 1999லிருந்து அங்கே ஹொரைசன் என்ற கணக்கு சாஃப்ட்வேரைக் கிளை அஞ்சலகங்களில் வைத்தார்கள். ஃபுஜிட்சு கம்பெனியுடையது. சிஸ்டம் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. கிளையை நடத்தியவர்கள் "நாங்க எடுக்கல" என்றார்கள். கம்ப்யூட்டர் சொல்கிறதே என்றது நிர்வாகம். 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்கள் மேல் திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்கு நடந்து தண்டனை ஆனது. சிலர் ஜெயிலுக்குப் போனார்கள், பலர் சேமிப்பை வழித்துப் பற்றாக்குறையைக் கட்டினார்கள். ஹெல்ப்லைனில் கூப்பிட்டவர்களிடம், இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் வருது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆலன் பேட்ஸ் என்பவர் மற்றவர்களைத் தேடிப் பிடித்து, 555 பேராகச் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். சாஃப்ட்வேரில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் ஐகோர்ட் சொன்னது. 2024ல் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

எனக்கு அதில் பிழையைவிட அந்த ஹெல்ப்லைன் பதில்தான் பயமாக இருக்கு. ஒவ்வொருத்தரும் தனியாக இருக்கும் வரை சிஸ்டம் ஜெயிக்கும். ஊர்ச் சொசைட்டியிலும் அதேதான். இருபது பேர் கையில் இருபது சீட்டு இருந்தால், திண்ணையில் உட்கார்ந்து ஒப்பிட்டாலே போதும். நேற்று வரை 8.3 இருந்த எல்லாருக்கும் இன்றைக்கு 7.9 என்றால், ஒரே ராத்திரியில் இருபது வீட்டு மாடுகளுக்கும் காய்ச்சல் வரவில்லை, மிஷினுக்கு வந்திருக்கு என்று பெரியம்மாவே சொல்லிவிடுவார். அதனால் சீட்டு மட்டும் போதாது. சந்தேகம் வந்தால் ரெண்டாவது சாம்பிள் எடுத்துக் கெர்பர் முறையில் பார்க்க ஒரு வழி, எந்தச் சூத்திரம், எந்தச் சார்ட் என்று சுவரில் ஒரு போர்டு, மிஷினைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி. இவை சிஸ்டத்தின் உள்ளே இருக்க வேண்டியவை. புகார் பெட்டிக்குள் இல்லை.

நமக்கு இதெல்லாம் எதுக்கு? போன மாசம் ஃபைனல் இயர் பிராஜெக்ட் பட்டியலைப் பார்த்தேன். வருஷா வருஷம் வரும் 'மில்க் கலெக்ஷன் மேனேஜ்மென்ட் சிஸ்டம்' இந்த வருஷமும் ரெண்டு டீம். ரெண்டிலும் அட்மின் லாகின், ஸ்டாஃப் லாகின், மேனேஜருக்குக் கலர் கலராக டாஷ்போர்டு. விவசாயி? டேபிளில் ஒரு வரிசை. அவர் யூஸர் இல்லை, ரெக்கார்ட். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முக்கோணத்தைப் பார்த்து வரைந்தார்கள், முக்கோணத்தில் அவர் இல்லை.

நாமே அந்த வரிசையில் இருக்கிறவர்கள்தானே? நம்ம அட்டெண்டன்ஸ் தினம் ஏறுகிறது. 75க்குக் கீழே போனது நமக்கு எப்போ தெரியும்? லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போது. நடுவில் ஒரு மணி நேரம் தப்பாக ஆப்சென்ட் விழுந்திருந்தால் மூணு மாசம் கழித்து எந்த வாத்தியாரிடம் போய் நிரூபிப்பது? இந்தக் கோபம் உங்களுக்குப் புரியும் என்றால் பால் சொசைட்டியும் புரியும். நமக்காவது அது ஒரு செமஸ்டர், அவர்களுக்குத் தினம் ரெண்டு வேளை.

அடுத்த வருஷம் இந்நேரம் நம்மில் பாதிப் பேர் சென்னையிலோ பெங்களூரிலோ யாரோ ஒரு கம்பெனியின் ஈ.ஆர்.பியில் ஏதோ ஒரு ஸ்கிரீன் செய்துகொண்டிருப்போம். பால் இல்லையென்றால் கரும்பு, கரும்பு இல்லையென்றால் டெலிவரி பையன்களின் இன்சென்டிவ். ரிக்வயர்மென்ட் மீட்டிங்கில் ஜூனியர் வாய் திறக்க மாட்டோம், சரி. ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்: "சார், இந்த எண் யாரைப் பத்தினதோ, அவங்களுக்கு இது எந்த ஸ்கிரீன்ல வருது?" வேலை போகாது என்றுதான் நினைக்கிறேன்.

அதற்கு முன்னால், அந்த ரெண்டு டீமுக்கு. இன்னும் செகண்ட் ரிவ்யூ முடியல, நேரம் இருக்கு. ஆப் வேண்டாம். பென்னாகரத்துக்கு மேலே பாதி ஊர்களில் சிக்னல் கிடைக்காது, சித்தேரி மலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரெண்டு இஞ்ச் தெர்மல் பிரிண்டர், நெட் இல்லாமல் ஓடணும். சீட்டில் தேதி, வேளை, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப், லிட்டர் விலை, மொத்தம், கீழே போன பத்து வேளையின் எஸ்.என்.எஃப். தமிழில். பிரிண்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, கட்டம் கட்டமாக வரும், அதனால் எழுத்தை இமேஜாக மாற்றி அனுப்புங்க, நான் முயற்சி செய்து பார்த்திருக்கேன், வருது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். தெர்மல் தாள் சில மாசத்தில் வெளுத்துடும், அதனால் மாதக் கடைசியில் சாதாரணத் தாளில் ஒரு முழுக் கணக்கு அச்சடித்துக் கொடுக்கிற மாதிரி ஒரு பட்டன் வையுங்க. டெமோவுக்கு ஆள் வேணும்னா பெரியம்மாவைக் கூட்டிட்டு வரேன். சாயங்காலம் கறவைக்கு முன்னால் திருப்பி அனுப்பிடணும்.